யானை பார்க்கப் போகும் வழியில்

விடுமுறையில் கேகாலை மாவட்டத்துப் பின்னவலைக்குப் பிள்ளைகளோடு போயிருப்பீர்கள். தாயற்ற யானைக்குட்டிகளுக்காக 1975இல் தொடங்கிய இல்லம் அது. யானைகள் மகா ஓயாவில் குளிக்கப் போகும் தெருவோரக் கடைகளில் யானைச் சாணக் காகிதம்கூட விற்கிறார்கள். அந்த யானைகளை நம்பித்தான் பல வீடுகளில் அடுப்பெரிகிறது.

பீட்ஸா ஹட் 1993இலும் கே.எஃப்.சி. அதன் பின்னரும் இலங்கைக்கு வந்தன. இத்தகைய கடைகள் அத்தெருவுக்கும் வந்தால் என்ன? கைக்குழந்தையோடு வரும் தாய்க்குச் சுத்தமான மேசையும் கழிவறையும் பெரிய உதவிதான். ஆனால், அந்த ருசி கொழும்பிலேயே கிடைக்கிறதே! அங்கே கொடுக்கும் காசில் ஒரு பங்கு கடல் கடந்து போகும். இடியப்பமும் சம்பலும் விற்பவரிடம் கொடுப்பதோ ஊரிலேயே சுற்றும்.

ஊர்க் கடைக்காரரும் ஒன்றை உணர வேண்டும்: உணவு ஹலாலாக இருந்தால் மட்டும் போதாது, தூய்மையாகவும் இருக்க வேண்டும். அவர்கள் அதைப் பேணட்டும். நாம் அவர்களிடமே வாங்குவோம்.