மழைநாள் சொதி

திருநெல்வேலிக்காரர்களிடம் ஊரின் சிறப்பு என்னவென்று கேட்டால் அல்வா என்பார்கள். அது வெளியூரார்க்குச் சொல்லும் விடை. தமக்குள் பேசிக்கொள்ளும்போது நாவில் நீரூறச் சொல்வது சொதியைத்தான். அல்வாவைக் கடையில் வாங்கிவிடலாம். சொதியை வீட்டில்தான் வைக்க வேண்டும். மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குச் சொதி பரிமாறுவது எங்கள் பக்கத்துச் சைவக் குடும்பங்களில் தவறாத வழக்கம். மாப்பிள்ளைச் சொதி என்றே அதற்கு ஒரு பெயருண்டு.

2023 கார்த்திகையில் அண்ணன் மகளுக்குத் திருமணம் நடந்தது. மறுவீட்டு விருந்தை மண்டபத்திலேயே சமையற்காரரைக் கொண்டு முடித்துவிட்டோம். அம்மாவுக்கு அது பெருங்குறை. "அண்டாவுல வச்சதெல்லாம் சொதியா? ஒரு ஞாயித்துக்கெழம எல்லாரும் வாங்க, நான் வைக்கேன்" என்றாள். அதன்படி டிசம்பர் 16, சனிக்கிழமை மாலை, மதுரையிலிருந்து நானும் மனைவியும் மகளும், திருநெல்வேலியிலிருந்து புதுமணத் தம்பதியரும், அம்பாசமுத்திரத்தை அடுத்துள்ள எங்கள் பூர்வீக வீட்டில் வந்து கூடினோம். அண்ணனும் மதினியும் அம்மாவுடன் அங்கேயே இருப்பவர்கள்.

வரவேண்டியவள் இன்னும் ஒருத்தி இருந்தாள், சித்தி. அம்மாவின் ஒரே தங்கை. சித்தப்பா மறைந்தபின் ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் இடையிலுள்ள ஓர் ஊரில் தனியாக வசிக்கிறாள். அன்றிரவு அம்மா அவளைத் தொலைபேசியில் அழைத்தாள். "ஏளா, மழ ஒரேயடியா ஊத்தும் போலிருக்கு. பஸ்ஸுல நனஞ்சுக்கிட்டு நீ வரவேண்டாம். பொங்கலுக்கு வா, உனக்குன்னு தனியா வச்சுத் தாரேன்." சித்தி "சரிக்கா" என்று சொல்லிவிட்டாள். அக்கறையினால் சொல்லப்பட்ட அந்தச் சொற்களை அம்மா பின்னாளில் எத்தனை முறை தனக்குத்தானே சொல்லிச் சொல்லி அழுதாள் என்பதை நான் அறிவேன்.

ஞாயிறு, மார்கழி முதல் நாள். விடியும்போதே மழை. பொதிகையும் மாஞ்சோலை மலைகளும் இருந்த திசையில் சாம்பல் நிறத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. காலைக்கு மிளகு தூக்கலாக வெண்பொங்கல். எட்டு மணிக்கு மின்சாரம் நின்றது. தேங்காய்ப்பால் எடுக்க மிக்சி இல்லை என்றதும் மதினி திகைத்தாள். அம்மாவோ பின்கட்டில் பல ஆண்டுகளாகத் தண்ணீர்க் குடம் வைக்கும் மேடையாகிப்போன ஆட்டுரலைக் கழுவச் சொன்னாள். ஏழு தேங்காய்களை நானும் அண்ணனும் துருவினோம். புது மருமகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழவியைச் சுற்றினார்.

சொதி எளிய பண்டம்தான். ஆனால் பொறுமையைக் கேட்பது. முதற்பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என மூன்றையும் தனித்தனியே வடித்துவைக்க வேண்டும். நீர்த்த மூன்றாம் பாலில் உருளைக்கிழங்கும் காரட்டும் பீன்சும் முருங்கைக்காயும் வேகும். இரண்டாம் பாலில் சின்ன வெங்காயமும் பூண்டும், அரைத்த இஞ்சியும் பச்சை மிளகாயும், மசித்த பாசிப்பருப்பும் சேரும். கெட்டியான முதற்பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கூடுகையிலேயே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். இறக்கிய பிறகே எலுமிச்சஞ்சாறு. தேங்காய்ப்பாலின் மந்தத்தைத் தீர்க்க இஞ்சித் துவையல் கட்டாயம். உருளைக்கிழங்குக் காரக்கறியும் கல்லிடைக்குறிச்சி அப்பளமும் உடனிருந்தன.

நாழி ஓட்டிலிருந்து முற்றத்தில் நீர் விழும் ஓசையோடு, பட்டாசாலையில் வரிசையாய் அமர்ந்து உண்டோம். அதுபோல் நான் உண்டு பல்லாண்டுகள் ஆகியிருந்தன. இலையில் பரிமாறியிருந்ததை ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இட்டேன். 'மழையும் சொதியும். இதைவிட வேறென்ன வேண்டும்?' என்று கீழே எழுதினேன். சித்தி அதைப் பார்த்துவிட்டாள் என்று அலைபேசி காட்டியது. மறுமொழி இல்லை. வராத வருத்தம் போலும் என்று நினைத்துக்கொண்டேன். இரவில் அலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிற்று.

திங்களன்று மழை இன்னும் வலுத்தது. அரை மைலுக்கு அப்பாலிருந்து ஆற்றின் இரைச்சல் தெருவரை கேட்டது. எங்கள் தெரு மேட்டிலிருப்பதால் அச்சமில்லை. கடைகள் இல்லை, ஆனால் அம்மாவின் அடுக்களையில் இல்லாதது எது? தொலி உளுந்தும் பூண்டும் வெந்தயமும் தேங்காய்த் துருவலும் சேர்த்து உளுந்தஞ்சோறு, அம்மியில் அரைத்த எள்ளுத் துவையல். இரவுக்கு முருங்கைக்கீரையும் வடகமும் போட்ட கூட்டாஞ்சோறு. தாயமும் பல்லாங்குழியும் ஆடினோம். மழையால் இரண்டு நாள் விடுமுறை கூடிற்று என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

மாலையில் அண்ணன் பழைய பேட்டரி வானொலியைத் தேடியெடுத்தான். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை என்றது செய்தி. தவறாகக் கேட்டுவிட்டோமென்றே எண்ணினோம். தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுதும் பெறும் சராசரி மழையைவிட மிகுதி அது. அம்மா ஒன்றும் பேசவில்லை. தட்டிலிருந்த கூட்டாஞ்சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டு எழுந்தாள்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். அதன் எட்டு அணைக்கட்டுகளுள் கடைசியானது ஸ்ரீவைகுண்டம். எங்கள் ஊரைக் கடக்கும் நீர் சித்தியின் ஊரைத் தொட்டுத்தான் கடலுக்குப் போக வேண்டும். மேலிருந்து ஆறு பெருகியது, வானிலிருந்து அங்கேயே கொட்டியது, குளங்களும் உடைத்துக்கொண்டன. மூன்று நீரும் கூடியது சித்தியின் ஊர் இருந்த பகுதியில்.

செவ்வாயன்று தொடர்பு விட்டுவிட்டுக் கிடைத்தது. ஞாயிறு இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனதையும், தண்டவாளத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்துச் சென்றுவிட்டதையும், ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கியதையும் அறிந்தோம். அவர்களுக்கு அருகிலிருந்த புதுக்குடி ஊர் மக்கள் சமைத்துப் போட்டார்கள் என்ற செய்தி மட்டும் ஆறுதலாயிருந்தது. சித்தியின் எண் அணைக்கப்பட்டிருப்பதாகவே ஒவ்வொரு முறையும் அந்த இயந்திரக் குரல் சொன்னது. குழுவைத் திறந்தால் கடைசியாக இருந்தது என் சொதிப் படம். கீழே என் வாக்கியம். அதை அழித்தேன். அழித்தால் எல்லாம் இல்லையென்றாகிவிடுமா?

வகுப்பில் ஆண்டுதோறும் வான்சிறப்பு அதிகாரம் நடத்துகிறவன் நான். கெடுப்பதும் கெட்டவரைத் தூக்கி நிறுத்துவதும் மழையே என்னும் குறளுக்கு, பெய்யாமல் நின்று கெடுப்பது என்று பரிமேலழகர் உரை கண்டிருக்கிறார். பெய்து கெடுப்பதை அவர் சொல்லவில்லை. அதை நான் ஒரு பொருட்டாக எண்ணியதுமில்லை. மழைக்காக ஏங்கிய நிலத்தின் உரை அது என்று மாணவர்களிடம் சொல்லிக் கடந்துவிடுவேன். அந்தச் செவ்வாய் இரவு அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது, ஒரே மழை ஓரிடத்தில் விருந்தாகவும் அதே ஆற்றின் கீழ்ப்புறத்தில் பசியாகவும் பெய்யக்கூடும் என்பது முதன்முறையாக எனக்கு உறைத்தது.

புதன் பிற்பகல் அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. சித்தி. "உசுரோடதான் இருக்கேன்க்கா." அவ்வளவுதான். பேச முடியாமல் அம்மா என்னிடம் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை அண்ணனும் நானும் அரிசியும் துணிமணியும் எடுத்துக்கொண்டு போனோம். பாதிவழி வண்டி, மீதி நடை. சாய்ந்த வாழைகள் சேற்றோடு சேறாய்க் கிடந்தன. வீடுகளின் சுவரில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர்க் கோடு. சித்தியின் வீட்டு வாசலில் புளித்த நாற்றத்தோடு நெல்மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. அவ்வூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத சிவகளையில் கிடைத்த முதுமக்கள் தாழியொன்றிலிருந்த நெல்மணிகள் பொ.ஆ.மு. 1155ஐச் சேர்ந்தவை என 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இறந்தவர்க்கும் நெல் வைத்து வழியனுப்பிய நிலம். அங்கே இருப்பவளுக்கு ஒருபடி அரிசியை நான் மதுரைப் பை ஒன்றில் சுமந்து சென்றேன்.

ஞாயிறு இரவு தெருவில் தண்ணீர் ஏறியதும் பக்கத்து மாடிவீட்டில் ஒன்பது பேர் ஏறிக்கொண்டார்களாம். அவர்களுள் மூன்று குழந்தைகள். சித்தி கையோடு எடுத்துச் சென்றது ஒரு டப்பா அவலும் கொஞ்சம் கருப்பட்டியும். அதை மழைநீரில் நனைத்து, பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்துவிட்டு மிஞ்சியதைப் பெரியவர்கள் பகிர்ந்துகொண்டு, இரண்டு இரவுகளைக் கழித்திருக்கிறார்கள்.

நான் தயங்கித் தயங்கி, "சித்தி, அன்னைக்கு அந்தப் படத்தப் போட்டிருக்கக் கூடாது" என்றேன்.

"ஏன்ல? அதுதான அந்தப் பிள்ளைகளத் தூங்க வச்சுது. டவர் இல்ல, யார்கிட்ட பேச? சார்ஜ் தீர்ற வரைக்கும் அதக் காட்டிக் காட்டி, மொதப் பாலு, ரெண்டாம் பாலுன்னு சொதி வைக்கிற கதையச் சொன்னேன். மூணாம் பாலுக்குள்ள ரெண்டு தூங்கிட்டு. பெரியவ மட்டும் எலுமிச்சம்பழம் வரைக்கும் முழிச்சுக் கேட்டா."

பிறகு அண்ணனைப் பார்த்து, "ஆமா, இலையில இஞ்சித் தொவையல் இத்தினிக்கூண்டு வச்சிருந்தாளே, உங்க அம்மைக்கு இஞ்சி கிடைக்கலயா?" என்றாள். நாங்கள் சிரித்தோம். அண்ணன் சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான் ஆறுதல் அடைந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அந்தப் படத்தால் குழந்தைகள் உறங்கினார்கள் என்பது சித்தியின் பெருந்தன்மை. என் வாக்கியம் அப்போதும் என் வாக்கியம்தான். இதைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்டவனுக்கு, வேறு என்னென்ன வேண்டியிருக்கிறது என்பதை ஆற்றின் கீழ்க்கோடி காட்டிவிட்டது.

2024 பொங்கலுக்கு நாங்கள் எல்லோரும் சித்தி வீட்டுக்குப் போனோம். அம்மா தேங்காய்களை மூட்டையாகக் கட்டி எடுத்து வந்தாள். வாக்களித்தபடி தங்கைக்கென்று சொதி வைத்தாள். அந்த மாடியில் இருந்த ஒன்பது பேரும் வந்து உண்டார்கள். எலுமிச்சம்பழம் வரை விழித்திருந்த அந்தப் பெண், முதற்பால் ஊற்றும்போது அடுப்பருகே வந்து நின்று, "இப்போ கொதிக்க விடக்கூடாது" என்று அம்மாவுக்கே சொன்னாள்.

அன்றுமுதல் அம்மா யாரையும், எந்த மழைக்கும், 'வரவேண்டாம்' என்று சொல்வதில்லை. வானம் இருண்டால் முதல் வேலையாகச் சித்தியை அழைத்து "வா" என்கிறாள். சித்தியோ இதுவரை ஒருமுறையும் மழைக்குப் பயந்து வந்ததில்லை. "சொதி வைக்கதா இருந்தா சொல்லு, வாரேன்" என்கிறாள்.