வெள்ளீயத்தில் ஒரு கோமாளி

1885இல் சீனத்திலிருந்து கோலாலம்பூர் வந்த யோங் கூன் தொடங்கிய, இன்று செத்தாப்பாக்கில் ராயல் சிலாங்கூர் என விளங்கும் தொழிற்சாலையின் படைப்பான வெள்ளீய ராட்டின இசைப்பெட்டி ஒன்றைக் கையிலெடுத்துச் சாவி கொடுத்தால், உருளையின் நுண்ணிய முட்கள் எஃகுச் சீப்பின் பற்களை ஒவ்வொன்றாய் மீட்ட, நாதம் பிறக்கும் அற்புதத்தைக் காணலாம். 1796இல் ஜெனீவாவின் கடிகாரக் கலைஞர் அந்துவான் ஃபாவ்ர் கண்ட உபாயம் அது. மேனாட்டார் அதன்மேல் தங்கள் விதூஷகனை ஆடவிட்டு, சேகரிப்போர் போற்றும் பொக்கிஷமாக்கினர். அரிதாரம் பூசி, விடிய விடிய ஜனங்களைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்த நம் தெருக்கூத்துக் கட்டியங்காரனும், இசைநாடக மேடையின் பபூனும் அந்தப் பீடத்துக்கு எவ்வகையிலும் குறைந்தவர்களல்லர் என்பது என் திடமான அபிப்பிராயம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள சிற்பிகளே, ஒரு கட்டியங்காரனை வடித்துச் சுழலவிடுங்கள். வாங்குவதற்கு முதல் ஆளாக நான் வருகிறேன்.