கப்பலேறிய தாய்மொழி

எமி டானின் 'தி ஜாய் லக் கிளப்' நாவல் 1989இல் வெளிவந்தது. சீனாவிலிருந்து சான்பிரான்சிஸ்கோவில் குடியேறிய தாய்மார்களும் அமெரிக்காவில் பிறந்த மகள்களும் ஒருவர் பேச்சு ஒருவருக்கு எட்டாமல் தவிக்கிறார்கள். இறந்துபோன தாயைப் பற்றிச் சொல்ல நேரும்போது, ஒரு மகளுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. நாகப்பட்டினத்துக்காரர்களான எங்களுக்கு இது அந்நியக் கதையன்று.

எங்கள் கரையில் படகேறி, கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பலை அடைந்து, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன பெண்கள் ஏராளம். 1985இல் தீப்பற்றும்வரை 'சிதம்பரம்' கப்பல் ஓடியது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில், நாகூர் ஆண்டவர் பெயரிலான தர்காவும், ஹொக்கியன் சீனர்கள் கடல்தெய்வத்துக்கு எழுப்பிய தியான் ஹொக் கெங் கோயிலும் இருக்கின்றன. கடல் கடந்து பிழைத்து வந்ததற்கான நன்றி இரண்டிலும் உண்டு.

இரு சாராரின் பிள்ளைகளுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய ஒன்றே. 1979இல் தொடங்கிய மாண்டரின் இயக்கத்தில் பாட்டிமாரின் ஹொக்கியனுக்கு இடமில்லை. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழி. தமிழ் ஆட்சிமொழியாக இருந்தும் வகுப்பில் ஒரு பாடமாக நின்றது. அதுவும் எழுத்துத் தமிழ். வீட்டில் அம்மா பேசியதோ நாகைக் கடைத்தெருவின் தமிழ்.

எங்கள் பெரியம்மாவும் 'சிதம்பர'த்தில் போனவர்தாம். அவர் தமிழில் திட்டுவார். மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். "தமிழில் பேசு" என்பதே அவர்களுக்குள் ஓயாத சண்டை. அம்மா கேட்ட தமிழ் வேறு, பள்ளி கொடுத்த தமிழ் வேறு என்பதை இருவருமே சொல்லிக்கொண்டதில்லை. மகள் தன்னை மதிக்கவில்லை என்று தாயும், எதைப் பேசினாலும் அம்மாவுக்குப் போதாது என்று மகளும் எண்ணிக்கொண்டார்கள்.

பெரியம்மா காலமான பிறகு அந்த அக்கா நாகைக்கு வந்தார். எங்கள் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவர்முன் உட்கார்ந்து, சொல் சொல்லாகத் தேடி, "சித்தி, என் தாயார் சிறுவயதில் எவ்வாறு இருந்தார்?" என்று கேட்டார். பாடப்புத்தக வாக்கியம்தான். எங்களில் எவருக்கும் சிரிப்பு வரவில்லை. அம்மா தம்முடைய பேச்சிலேயே சொல்லத் தொடங்கினார். விளங்காத சொல் வரும்போதெல்லாம் அக்கா நிறுத்திப் பொருள் கேட்டார். சொல்லி முடிக்க மாலையாகிவிட்டது. பெரியம்மா உயிரோடிருந்தபோது இப்படி ஒரு மாலை அவ்விருவருக்கும் வாய்க்கவில்லையே என்பதுதான் எங்கள் வருத்தம்.