உள்விட்டமும் வெளிவிட்டமும்



மின்சாரமும் தண்ணீரும் சேரக் கூடாது என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கற்பிப்பவன் நான். ஆயினும் என் வீட்டுக் கணினிக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. இடையில் ஒருநாள் அது ஓடக் கூடாத இடத்திலும் ஓடிவிட்டது. அதற்குக் காரணம் ஒரு முழம் குழாய். அந்தக் குழாயை வாங்கியவன் நான்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, மற்ற ஆசிரியர்களைப் போல நானும் வீட்டிலிருந்தே பாடங்களைக் காணொளியாகப் பதிவு செய்யத் தொடங்கினேன். பள்ளி திறந்த பின்னும் அந்த வழக்கம் நின்றுவிடவில்லை. எங்கள் தெலுக் பங்லிமா காராங்கில் தகரக் கூரை வீட்டின் பிற்பகல் வெப்பத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காணொளியைத் தொகுக்கும்போது கணினியின் காற்றாடிகள் அலறும். லகர, ளகர, ழகர வேறுபாட்டை விளக்கிய என் குரலைவிட அந்த இரைச்சலே பதிவில் தெளிவாகக் கேட்டது. "ஐயா, மழை பெய்யுதா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

என் பழைய மாணவர் ஒருவர் இங்குள்ள தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார். கணினி கட்டுவதில் கைதேர்ந்தவர். அவரிடம் இதைச் சொன்னபோது, "தண்ணியில குளிர வைக்கலாம் ஐயா" என்றார். செயலியின்மேல் வாட்டர் பிளாக் என்னும் செம்புக் கட்டி அமரும். பம்பு தண்ணீரைச் சுற்றிவிடும். செயலியின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டுபோய் ரேடியேட்டரில் விடும். கனஅளவு சமமாக இருந்தால், ஒரே அளவு வெப்பநிலை உயர்வுக்குத் தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை ஏந்தும். ஆகவே பெரிய ரேடியேட்டரில் காற்றாடிகள் மெதுவாகச் சுழன்றாலே போதும். ஒன்றை மட்டும் மறந்துவிடலாகாது. அறையின் வெப்பத்துக்குக் கீழே இம்முறை எதையும் குளிர்விக்காது. 32 பாகை அறையில் தண்ணீர் 42, 45 பாகையில்தான் நிற்கும். நமக்குக் கிடைப்பது அமைதி.

இருவரும் லோ யாட் பிளாசாவுக்குச் சென்று மாடி மாடியாக ஏறி இறங்கினோம். அங்கு இல்லாதவற்றை இணையத்தில் வாங்கினோம். செயலிக்கும் ரேடியேட்டருக்கும் நான் தாராளமாகச் செலவழித்தேன். குழாய்க்கும் பொருத்திக்கும் வந்தபோதுதான் என் கை இறுகியது. பொருத்தி என்று நான் சொல்வதைக் கடையில் ஃபிட்டிங் என்றுதான் கேட்க வேண்டும். ஒரு விரற்கடைப் பித்தளைத் துண்டுக்கு இவ்வளவு விலையா என்று முணுமுணுத்தேன். மாணவர் சிரித்தார். "ஐயா, கணினியில தண்ணி ஒழுகுற இடம் எல்லாமே இந்தத் துண்டுலதான் இருக்கு" என்றார்.

குழாயில் இரு வகை உண்டு. கண்ணாடிபோல் நிமிர்ந்து நிற்கும் கடினக் குழாய் ஒன்று. வளையும் மென்குழாய் மற்றொன்று. கடினக் குழாயிலும் அக்ரிலிக், பெட்ஜி என இரண்டு உள்ளன. பெட்ஜி எளிதாக வளைக்க வரும். ஆனால் 80 பாகை அளவில் இளகத் தொடங்கும். பம்பு நின்றுபோனால் ஆபத்து. அக்ரிலிக் இன்னும் சற்று வெப்பம் தாங்கும், ஆனால் எளிதில் விரிசல் விடும். இரண்டிலுமே வெட்டிய முனையைப் பிசிறில்லாமல் தேய்க்க வேண்டும். இல்லையேல் பொருத்திக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தை அது அறுத்துவிடும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மென்குழாயே போதும் என்றேன்.

மென்குழாயை வாங்கும்போது இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். 10/13 என்றால் உள்விட்டம் 10 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 13. 10/16 என்றால் உள்விட்டம் அதே 10, வெளிவிட்டம் 16. முதற்குழாயின் சுவர் ஒன்றரை மில்லிமீட்டர். இரண்டாவதன் சுவர் மூன்று. தடித்த சுவருள்ள குழாய் வளைவில் மடங்கி அடைபடாது. பொருத்தியும் இவ்விரு அளவுகளையும் பார்த்தே செய்யப்படுகிறது. அதன் முனை குழாயின் உள்ளே நுழையும். அதன் வளையம் வெளியிலிருந்து குழாயை இறுக்கும். மாணவர் 10/16 பொருத்திகளையும் அதே அளவுக் குழாயையும் வாங்கினார்.

பொருத்தியின் மறுமுனையில் இருக்கும் புரிக்கு ஜி கால் அங்குலம் என்று பெயர். அளந்து பார்த்தால் அதன் வெளிவிட்டம் 13.157 மில்லிமீட்டர். கால் அங்குலமோ 6.35தான்! பழங்கால இரும்புக் குழாயின் உட்துளையை வைத்து இட்ட பெயர் அது. புரியின் வடிவமோ இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்தளித்தது. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய்ப் புரிகளும் அதே குடும்பந்தான். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வீட்டுக் குழாயின் புரி கூம்பி இருக்கும். வெள்ளை டேப் சுற்றி முறுக்குவோம். கணினிப் பொருத்தியின் புரி கூம்பாது. தண்ணீரைத் தடுப்பது ரப்பர் வளையமே. ஆகவே டேப் வேண்டாம், குறடு வேண்டாம். கைவிரலால் இறுக்கினால் போதும். மிகையாக முறுக்கினால் அக்ரிலிக் தொட்டி விரிந்துவிடும்.

எல்லாம் பொருத்தி முடித்து, கணினிக்கு மின்சாரம் தராமல் பம்பை மட்டும் ஒரு நாள் முழுதும் ஓடவிட்டார். ஒவ்வொரு பொருத்தியின் கீழும் மெல்லிழைத்தாள் வைத்தார். ஒரு தாளும் நனையவில்லை. பதிவில் மழையும் நின்றது.

நிற்க. எட்டு மாதங்களில் அந்தத் தெளிந்த குழாய் பால்போல் மங்கியது. வளைவதற்காக பிவிசியில் சேர்க்கப்படும் நெகிழ்விப்பான் வெளியேறுவதால் இப்படி ஆகும் என்று பின்னர் அறிந்தேன். மாணவரை ஏன் தொல்லைப்படுத்த வேண்டும் என்று எண்ணி, எங்கள் ஊர் இரும்புக் கடைக்கு நானே சென்றேன். தவுக்கேயிடம் "பத்து மில்லி குழாய்" என்றேன். அவர் கேட்டதைக் கொடுத்தார். பன்னிரண்டு வெள்ளி. மிகவும் மங்கியிருந்த ஒரு துண்டை மட்டும் நானே மாற்றினேன். முனை நன்றாக நுழைந்தது. வளையம் கடைசிவரை தடையின்றித் திரும்பி நின்றது. இறுகிவிட்டது என்று மகிழ்ந்தேன். உண்மையில் அது பொருத்தியின் அடியைத்தான் தொட்டு நின்றது. குழாயைத் தொடவே இல்லை.

மூன்று வாரம் கழித்து, காணொளித் தொகுப்பின் நடுவே, சூட்டில் இளகிய அந்தக் குழாய் முனையிலிருந்து நழுவியது. கீழே இருந்த வரைகலை அட்டை நனைந்து மாண்டது.

செய்தி கேட்டு மாணவர் வேலை முடிந்த கையோடு ஓடிவந்தார். நழுவிய குழாயைக் கையில் எடுத்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நான்தான் சரியா இறுக்கல போல ஐயா. அட்டைக்கு மாசா மாசம் கொஞ்சம் கொடுத்துடுறேன்" என்றார். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போகும்வரை வாய் திறக்கவில்லை. பொய் சொல்லாதே என்று அவருக்குக் கற்பித்ததும் இதே வாய்தான்.

இரண்டு இரவுகள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டார். "குழாயை அமுக்கிப் பார்த்ததுமே தெரிஞ்சது ஐயா, அது நம்ம குழாய் இல்லன்னு. நீங்க சொல்லாதப்ப நான் எப்படிச் சொல்றது?" என்றார். அட்டையின் விலையை அவரிடம் வாங்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அன்றைய வெட்கம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

இப்போது இபிடிஎம் என்னும் செயற்கை ரப்பர்க் குழாய் போட்டிருக்கிறோம். கறுப்பாக இருக்கும். உள்ளே ஓடுவது தெரியாது. ஆனால் மங்காது, எளிதில் இளகாது. இம்முறை அளவியை என் கையில் கொடுத்து, இரு விட்டங்களையும் என்னையே அளக்கச் சொன்னார்.

இம்முயற்சியில் இறங்குவோர்க்கு நான் சொல்லக்கூடியவை:

1. குழாய்க்கும் பொருத்திக்கும் உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டும் ஒத்திருக்க வேண்டும்.

2. வளையம் தடையின்றிக் கடைசிவரை திரும்பினால் ஐயப்படுங்கள். சரியான குழாய் விரலுக்கு எதிர்ப்புக் காட்டும்.

3. செம்புக் கட்டியோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்காதீர்கள். இரு உலோகங்களும் ஒரே நீரில் நின்றால் அலுமினியம் அரிக்கும். செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு ஆகியவை தம்முள் ஒத்துப்போகும்.

4. குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். வடிநீரும் பாசி, அரிப்புத் தடுக்கும் மருந்துமே ஏற்றவை.

5. ஒரு துண்டு மாற்றினாலும் மீண்டும் ஒரு நாள் தாள் வைத்துச் சோதியுங்கள்.

6. மாற்றியதைக் கட்டியவரிடம் சொல்லிவிடுங்கள்.