காலடி வரிசை பழகும் பிள்ளை

போர்க்கலை என்றதும் நம்மவர் மனத்தில் முதலில் தோன்றுவது சண்டைதான். எதிரி ஒருவன் நிற்க வேண்டும். அவனை வீழ்த்த வேண்டும். அதற்கே இக்கலை என்று எண்ணுகிறோம். ஆனால் போர்க்கலைகள் பலவற்றில், பயில்பவன் தன் காலத்தின் பெரும்பகுதியை எதிரி இல்லாமலே கழிக்கிறான். காலை இங்கே வை, கையை இவ்வாறு நீட்டு, திரும்பு, நில், மீண்டும் முதலிலிருந்து தொடங்கு. பிறருக்குச் சலிப்பூட்டும் இந்த ஒழுங்கே ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு உற்ற துணையாவதை எமது இல்லத்திலேயே கண்டு வருகிறோம்.

வலப்பனையைச் சார்ந்த தேயிலைத் தோட்டம் ஒன்றில் நாம் வாழ்கிறோம். எம் மகனுக்கு எட்டு வயது. அவன் பேசுவது சொற்பம். நாள் முழுதும் கைகளை உதறிக் கொண்டிருப்பான். வழமை சிறிது மாறினாலும் தன் மணிக்கட்டைக் கடிப்பான். அருகில் இருப்போரை அடிப்பான். லயத்தில் ஒரு காம்பராவின் ஓசை அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். ஆகவே எமது கவலை எம்மோடு நின்றதில்லை. பேய்க்குற்றம் என்றனர் சிலர். வளர்ப்புக் குற்றம் என்றனர் வேறு சிலர். இரண்டும் அல்ல, மூளை வளர்ச்சியில் இளமையிலேயே அமைந்துவிட்ட வேறுபாடு என்று வைத்தியர் விளக்கிய பின்னரே எமக்குத் தெளிவு பிறந்தது. 1943 ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் வைத்தியர் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோதே, மாறாத வழமையின்மீது அவர்களுக்குள்ள பெரும்பற்றைக் குறிப்பிட்டிருந்தார்.

சிலம்ப வாத்தியார் ஒருவரிடம் மகனை அனுப்ப எண்ணியபோது அப்பாயி குறுக்கிட்டார். "அடிக்கிற பிள்ளைக்கு இன்னும் அடிக்கவா சொல்லிக் கொடுக்கப் போகிறாய், ராசா?" என்றார். நியாயமான கேள்விதான். அதனை வைத்தியரிடமே கொண்டு சென்றோம். ஈரான் தேசத்தில் நடந்த ஆராய்ச்சி ஒன்றை அவர் எடுத்துரைத்தார்.

2012 ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆராய்ச்சியில் 5 முதல் 16 வயது வரையான 30 ஓட்டிசப் பிள்ளைகள் இடம்பெற்றனர். அவர்களுள் 15 பேருக்கு வாரத்தில் 4 நாள் வீதம் 14 வாரங்கள் கராத்தேயின் 'கட்டா' பயிற்றப்பட்டது. கட்டா என்பது எதிராளி இன்றித் தனியே செய்யும் அசைவு வரிசை. பயின்ற பிள்ளைகளிடம் கை உதறல், உடலை ஆட்டல் போன்ற செய்கைகள் நூற்றுக்கு 42 பங்கு அளவில் குறைந்தன. பயிற்சியை நிறுத்தி ஒரு மாதம் சென்ற பின்னும் அக்குறைவு நீடித்தது. இது சிறிய ஆராய்ச்சியே. இதைக் கொண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் விதி வகுத்தல் தகாது. எனினும், அடிக்கக் கற்பிக்காமலே போர்க்கலையைக் கற்பிக்கலாம் என்பது விளங்கிற்று. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய விழையும் மனத்துக்கு, திரும்பச் செய்தலையே பாடமாகக் கொண்ட கலை அந்நியமாவதில்லை.

கவ்வாத்துக் கத்தி பிடித்து இளைப்பாறிய எமது வாத்தியாரும் முறையை மாற்றிக் கொண்டார். கம்பு கொடுக்கவில்லை, வெறுங்கைதான். பிரட்டுக்களத்து மூலையில் சுண்ணாம்பினால் பாதங்களை வரைந்தார். வாயால் விளக்காது செய்து காட்டினார். முதல் மாதம் நான்கே அடிகள். தப்பின் முழக்கத்துக்குப் பதிலாக மெல்லிய கைத்தாளம். மோதும் பயிற்சி அறவே இல்லை. தொடக்கத்தில் ஒரு வணக்கம். முடிவில் ஒரு வணக்கம். பாடம் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்பதைச் சொல்லின்றி உணர்த்தும் அடையாளம் அது.

ஏழு மாதங்கள் சென்றுள்ளன. இன்று பன்னிரண்டு அடிகளைப் பிசகாது வைக்கிறான். கைகள் இன்னும் உதறுகின்றன. வரிசை நடக்கும் வேளையில் மட்டும் அமைகின்றன. சினம் மூளும்போது அவன் தாய் எதிரே நின்று வணங்குகிறாள். சில வேளை அவனும் வணங்கி முதலடியை எடுத்து வைக்கிறான், மணிக்கட்டு தப்புகிறது. சில நாள் அதுவும் பலிப்பதில்லை. மழை சுண்ணாம்பைக் கரைத்துவிட்டால், அப்பாயியே கோலமாவினால் பாதங்களை வரைந்து வைக்கிறார்.

இத்தகைய பிள்ளைகளை உடைய பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். வைத்திய ஆலோசனையையும் பேச்சுப் பயிற்சியையும் கைவிட்டு இதனை நாடாதீர்கள். அவற்றோடு சேர்த்துக் கொள்ளுங்கள். ஆசானிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒரு வேளைக்கு இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காதிருப்பாரா? மோதலை நீக்குவாரா? பிள்ளை அஞ்சி அழுதால் அன்றைய பாடத்தை நிறுத்துவாரா? மூன்றுக்கும் ஆம் என்பவரே இப்பிள்ளைகளுக்கு ஏற்ற ஆசான். எமது தோட்டப்புறங்களில் திருவிழாவுக்கென ஆண்டுக்கொரு முறை சிலம்ப வாத்தியாரை அழைக்கிறோம். இப்பிள்ளைகளின் பொருட்டு வாரத்துக்கொரு முறை அழைப்பது கைகூடாத காரியமன்று.