நவாபின் சம்மதம்

பூனைக்கும் சர்க்கரை நோய் வருமா என்று நம்மிடம் கேட்டுச் சிரித்தவர்கள் பலர். வரும். அதுவும் மனிதர்க்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவை மிகவும் ஒத்திருக்கும். நடுவயது கடந்த, உடல் பருத்த, காயடிக்கப்பட்ட ஆண் பூனைகளே பெரும்பாலும் அதற்கு இலக்காகின்றன. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளில் ஒருவகைப் புரதம் படிவது மனித இனத்திலும் பூனை இனத்திலும் ஒன்றுபோலவே நிகழ்கிறது. இத்தனை நெருக்கம் இருந்தும் மருத்துவம் செய்வதில் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. மனிதன் ஊசிக்குக் கையை நீட்டுவான். பூனை நீட்டாது. நம் வீட்டு நவாபு எவருக்கும் எதையும் நீட்டியதில்லை.

அதிராம்பட்டினத்தில் நாம் குடியிருக்கும் தெருவில் பூனை வளைய வராத வீடு அரிது. மீன் வந்து இறங்கும் ஊர் அல்லவா! ஒன்பதாண்டுகளுக்கு முன், ஐப்பசி அடைமழையில், கொல்லைப்புறக் கிணற்றடியில் நனைந்து கிடந்த செம்மஞ்சள் குட்டியை நம் உம்மாதான் உள்ளே கொண்டு வந்தார்கள். அன்று தூக்கவிட்டதோடு சரி. அதன்பின் அதன் சுபாவம் மாறவேயில்லை. நம் அருகில் வந்து அமரும், தொட்டால் எழுந்து போகும், தூக்கினால் கீறிவிடும். நம் இல்லத்தரசியாரின் மணிக்கட்டில் அதற்குச் சான்று இன்னும் இருக்கிறது. நவாபு என்று பெயர் வைத்தது இளைய மகள். பெயருக்கு ஏற்ப நடந்துகொண்டதா, நடத்தைக்கு ஏற்பப் பெயர் அமைந்ததா என்பது அறிய முடியாதது.

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் அதன் தாகம் மிகுந்தது. உம்மா ஒளுச் செய்வதற்காக முற்றத்தில் நிரப்பி வைக்கும் செம்பில், தொழுகை நேரத்துக்குள் பாதி நீர் குறைந்திருக்கும். ஒளு நீர்ப் பாத்திரத்தைப் பூனை குடிக்கச் சாய்த்துக் கொடுத்த நபித்தோழர் அபூகதாதா (ரலி) அவர்களைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். ஆகவே பூனை வாய் வைத்த நீரைப் பற்றி வீட்டில் எவருக்கும் வருத்தமில்லை. வருத்தம் வேறு. மணல் தட்டு ஒரே நாளில் சேறாகியது. தின்னத் தின்னப் பூனை இளைத்தது. பின்னங்கால்களை விரல்களில் ஊன்றாமல், குதிகால் தரையில் படியப் பதுங்கிப் பதுங்கி நடந்தது. நாம் முதுமை என்று எண்ணத் தலைப்பட்ட நேரத்தில், பத்தொன்பது ஆண்டுகளாகத் தமக்குத் தாமே இன்சுலின் போட்டுக்கொள்ளும் உம்மா சொன்னார்கள்: "முதுமையில்லை வாப்பா. என் நோய் அவனுக்கும் வந்திருக்கு."

முதலில் சென்ற மருத்துவமனையின் பெயர் வேண்டா. அங்கே இருவர் சேர்ந்து நவாபை மேசையில் அழுத்திப் பிடித்தனர். மூன்றாமவர் இரத்தம் எடுத்தார். அது அலறிய அலறல் வெளியே நின்றிருந்த ஆட்டுக்காரரைக்கூட எட்டிப் பார்க்க வைத்தது. சர்க்கரை 412 என்றார்கள். அந்த ஓர் எண்ணை வைத்து அன்றைக்கே இன்சுலின் அளவையும் எழுதிவிட்டார்கள்.

அண்டை ஊரில் உள்ள இளம் பெண் மருத்துவர் ஒருவர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்த நம்பர்ல எவ்வளவு நோய், எவ்வளவு பயம்னு யாருக்குத் தெரியும் பாய்?" என்று கேட்டார். நமக்குப் புதுச் செய்தி அது. அச்சமும் சினமும் கொண்ட பூனையின் உடலில் சுரக்கும் நீர்கள், சேமிப்பிலுள்ள சர்க்கரையைச் சட்டென்று இரத்தத்தில் கொட்டிவிடும். நோயே இல்லாத பூனைக்கும், பிடித்து அழுத்திய சில நிமிடங்களில் 300க்கு மேல் ஏறக்கூடும். எனவே பூனைக்கு ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையால் நீரிழிவென்று தீர்ப்பெழுதலாகாது. முந்தைய இரண்டு மூன்று வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃபுரக்டோசமின் என்னும் பரிசோதனை உண்டு. கணநேர அச்சம் அதை அசைக்காது. இரத்த மாதிரி சென்னைக்குப் போய்த் திரும்பியது. நோய் உறுதியாயிற்று. சிறுநீரில் சர்க்கரை இருந்தது. கீட்டோன் என்னும் நச்சுப்பொருள் இல்லை. அஃது இருந்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்க முடியாது. மருத்துவமனையிலேயே சேர்த்திருக்க வேண்டும்.

நாளைக்கு இருமுறை, பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை, ஆயுள் முழுவதும் ஊசி. தொட்டாலே சீறும் விலங்குக்கு ஆண்டுக்கு 730 ஊசிகள்! கோணிக்குள் போட்டுக் கழுத்தைப் பிடித்துக் குத்தலாம் என்று அறிவுரை கூறியவர்கள் இருந்தார்கள். ஒரு வாரம் அப்படிச் செய்யலாம். எட்டாம் நாள் அந்தப் பூனை நம் காலடி ஓசை கேட்டதும் கூரையேறிவிடும். அன்றியும், பலவந்தம் தரும் அச்சமே சர்க்கரையை ஏற்றுமென்றால், ஊசி இறக்குவதைக் கை ஏற்றிக்கொண்டிருக்கும். ஆகவே அதன் சம்மதத்தைப் பெறுவது கருணை சார்ந்தது மட்டுமன்று; மருந்தின் ஒரு பகுதியே அதுதான் என்பது நமக்குத் தெளிவாயிற்று.

எந்த இன்சுலின் என்ற கேள்வி அதற்குமுன் எழுந்தது. விலங்குகளுக்கென்றே விற்கப்படும் ஒருவகை, பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. உம்மா ஒன்றும் பேசவில்லை. தஸ்பீஹ் மணிகள் மட்டும் சற்று நேரம் நின்றன. மருத்துவர் அதைக் கவனித்தாரோ என்னவோ, பூனைகளின் உடலில் அந்த வகை சீக்கிரமே தீர்ந்துவிடுமென்றும், மனிதர்க்கான கிளார்ஜின் நீடித்து நிற்பதால் அதையே தாம் விரும்புவதாகவும் கூறினார். கிளார்ஜின், நுண்ணுயிர்களைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்படுவது. 1921இல் டொரண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்த காலந்தொட்டு 1982 வரை, மருந்தாக விற்ற இன்சுலின் பெரும்பாலும் மாட்டுக் கணையமோ பன்றிக் கணையமோ தந்ததுதான். இதில் ஒரு விந்தை: இன்சுலினில் உள்ள 51 அமினோ அமிலங்களில் பூனைக்கும் மாட்டுக்கும் வேறுபடுவது ஒன்றே ஒன்று, பூனைக்கும் மனிதனுக்கும் நான்கு. நவாபு நம்மைவிடப் பசுவுக்கே நெருங்கிய உறவு என்று மகள் கூறி மகிழ்ந்தாள்.

கீட்டோன் இல்லாததால் பழக்குவதற்கு ஒரு வாரம் தவணை கிடைத்தது. பொறுப்பை உம்மா ஏற்றார்கள். "யாரும் அவனைப் பிடிக்கப் போகாதீங்க. அவனா வரட்டும்" என்பது அவர்கள் போட்ட முதல் சட்டம். நடுக்கூடத்துத் தூணருகே, காலை ஏழு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும், அதே தட்டு, அதே இடம். மற்ற நேரங்களில் அங்கே எதுவும் நிகழாது. முதல் இரு நாள் உம்மா அருகில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் நீண்ட காம்புள்ள மரக்கரண்டியின் முதுகால் அது தின்னும்போது விலாவைத் தடவினார்கள். கை வந்தால் திரும்பிப் பார்க்கும் பூனை, கரண்டியைப் பொருட்படுத்தவில்லை! கரண்டிக் காம்பில் பிடி நாளுக்கு நாள் கீழே இறங்கி, ஐந்தாம் நாள் கரண்டி போய் விரல்கள் இருந்தன. பிறகு விலாத் தோலை மெல்லத் தூக்கி விடுதல். பிறகு மூடி கழற்றாத சிரிஞ்சால் தொடுதல். ஒவ்வொரு முறையும் தொட்டவுடன் அவித்த மீன் ஒரு துண்டு. எட்டாம் நாள் காலை உண்மையான ஊசி இறங்கியது. அது தலை நிமிரவில்லை. இன்சுலின் ஊசி மயிரிழை போன்றது. தோலின் கீழ் மட்டும் போனால் போதும். பிடரியைவிட விலாப்புறம் நல்லது. பூனைக்குப் பின்னால் யாரோ குனிகிறார்கள் என்ற உணர்வு எழுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினும் 100 யூனிட் உள்ள இன்சுலினும் ஒரே கடையில் கிடைக்கின்றன. உம்மாவுடையது 40, சிரிஞ்சின் மூடி சிவப்பு. நவாபுடையது 100, மூடி ஆரஞ்சு. மாற்றி எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும். நான்கைந்து கிலோ உடம்புக்கு அது உயிர்ப் பிரச்சினை. குளிர்ப்பெட்டியில் இருவர் மருந்தும் வெவ்வேறு டப்பாக்களில் வைக்கப்பட்டன. உம்மாவின் டப்பாவில் பிறை, நவாபின் டப்பாவில் மீன், வரைந்தது மகள்.

உணவும் மாறிற்று. பூனை முழுக்க முழுக்க ஊனுண்ணி. மாவுப்பொருளைக் கையாளும் ஆற்றல் அதன் ஈரலுக்குக் குறைவு. மீன் குழம்பு பிசைந்த சோறு நின்றது. மாவு மிகுந்த உலர் தீனியும் நின்றது. மாவு குறைந்த ஈர உணவை மருத்துவர் குறித்துக் கொடுத்தார். வெறும் மீனாகக் கொடுத்தாலும் சத்துக் குறையும் என்பதால் மீன் பரிசுப் பொருளாக மட்டும் நின்றது.

காதோரம் குத்தி ஒரு துளி எடுத்துச் சர்க்கரை பார்க்கும் முறையை அவர் கற்பித்தார். நவாபு அதற்கு மட்டும் இணங்கவேயில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. மணலுக்குப் பதிலாக மீன்தொட்டிக்கான கழுவிய கூழாங்கற்களைத் தட்டில் பரப்பினால் சிறுநீர் அடியில் தங்கும். நிறம் மாறும் தாள்கீற்றை அதில் நனைத்துப் பார்ப்போம். எடை பார்க்க, அது விரும்பி உறங்கும் அட்டைப்பெட்டியைத் தராசின்மீதே வைத்துவிட்டோம். 4.6 கிலோவிலிருந்து மெல்ல ஏறியது. மருத்துவரிடம் போகும் நாளில் மட்டும், இரண்டு மணி முன்னதாக அச்சம் தணிக்கும் மாத்திரை ஒன்று மீனுக்குள் போகும். ஒருமுறை, மனிதர்க்கான வட்ட உணரி ஒன்றை மயிர் மழித்த இடத்தில் அவர் ஒட்டியனுப்பினார். பதினான்கு நாள் இருக்க வேண்டியதை மூன்றாம் நாள் பிய்த்தெறிந்துவிட்டது. அந்த மூன்று நாளின் ஏற்ற இறக்கமே அவருக்குப் போதுமாயிருந்தது.

உறவினர் ஒருவர், பூனைக்குச் செலவிடும் பணத்தில் ஓர் ஏழைக்கு மருந்து வாங்கலாமே என்றார். ஏளனம் செய்யத் தக்க கேள்வியன்று அது. உம்மா அவருக்கு விடை கூறவில்லை. ஆனால் அந்த மாதத்திலிருந்து, நம் தெருக்கோடியில் தனித்து வாழும் முதியவள் ஒருத்திக்கு இன்சுலின் வாங்கும் பணமும் அவர்களுடைய கைச்செலவிலிருந்து போவதைப் பிற்பாடு கடைக்காரர் சொல்லித்தான் அறிந்தோம்.

நோன்பு மாதத்தில் இரவு ஏழு மணி ஊசி இலகுவாயிற்று. நோன்பு திறந்து, மஃரிபு தொழுது, கஞ்சிக் கிண்ணங்கள் காலியாகும் வேளையில் நவாபு தூணருகே போய் அமர்ந்திருக்கும். அந்த மாதத்தின் இருபதாம் இரவோ அதற்கு மறுநாளோ, ஸஹருக்கு முன், மணி இரண்டிருக்கும். ஆளோடியில் அது கிடந்தது. பின்னங்கால்கள் மடங்கியிருந்தன, கண்கள் நம்மைப் பார்க்காமல் பார்த்தன. குனிந்து தூக்கினோம். கீறவில்லை. உறுமவில்லை. துணிபோல் கையில் கிடந்தது. ஒன்பதாண்டுகளில் முதல்முறையாக அது நம் கையை ஏற்றுக்கொண்டது. அந்த அடக்கத்தைப்போல் நம்மை அச்சுறுத்தியது வேறொன்றுமில்லை. இதுவரை தராத காதை அன்று தந்தது. 46.

உம்மா தேன் குப்பியோடு வந்தார்கள். வாய்க்குள் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். விரலில் தொட்டு ஈறுகளில் தேய்க்க வேண்டும். தேய்த்தார்கள். கால் மணி நேரத்துக்குப்பின் தலை நின்றது. பின் சிறிது உணவு தின்றது. மூன்றரை மணிக்கு 118. ஸஹர் உணவை அதன் அருகிலேயே உண்டோம். பாங்கு சொல்லும்போது, தடவிக்கொண்டிருந்த உம்மாவின் கையை அது பல்லால் பற்றி விலக்கியது. "அல்ஹம்துலில்லாஹ், வந்துட்டான்" என்றார்கள்.

காலை ஊசி போடாமல் மருத்துவரை அழைத்தோம். அளவு மாறவில்லை, உணவும் குறையவில்லை என்று கேட்டறிந்தபின், "அவன் கணையம் திரும்ப வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கலாம்" என்றார். தொடக்கத்திலேயே சரியான இன்சுலினும் மாவு குறைந்த உணவும் கிடைத்த பூனைகளில் ஒரு பகுதிக்கு இன்சுலின் தேவையே நின்றுபோவதுண்டு; மனிதர்க்கு எளிதில் வாய்க்காத பேறு அது. 2 யூனிட் 1 ஆயிற்று, ஒரு மாதத்தில் அரையாயிற்று, பின்னர் நின்றது.

ஊசியே இல்லாமல் வாய்வழிக் கொடுக்கும் மருந்துகளும் இப்போது வந்துவிட்டன. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பெக்சாகிளிஃப்ளோசின் மாத்திரையும், 2023இல் வெலாகிளிஃப்ளோசின் திரவமும் பூனைகளுக்கென அனுமதி பெற்றன. ஆனால் முன்னரே இன்சுலின் ஏற்ற பூனைக்கு அவை ஆகா. கீட்டோன் மிகும் ஆபத்து உண்டு. நவாபுக்கு அந்த வாயில் இல்லை.

நோய் திரும்பக்கூடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆகவே வாரம் ஒரு நாள் கூழாங்கல் தட்டும் தாள்கீற்றும் தொடர்கின்றன. அட்டைப்பெட்டியின் கீழிருக்கும் தராசு நேற்று 5.4 கிலோ காட்டியது. ஏழு மணிக்கு ஊசி இல்லாவிட்டாலும் உம்மா தூணருகே உட்கார்ந்து, அது தின்னும்போது விலாத் தோலை இரு விரலால் தூக்கி விடுகிறார்கள், பழக்கம் விட்டுப்போகாதிருக்க. மீன் வரைந்த டப்பாவில் திறக்காத குப்பி ஒன்று குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. அதன் காலாவதி நாள் அடுத்த ஆண்டு பங்குனியில் வருகிறது.