இடது கைப் பெருவிரல்

2023 ஜூலை 9, ஞாயிறு

கோவை ஆஸ்பத்திரியிலிருந்து இவரைத் திருப்பூருக்குக் கூட்டி வந்து மூன்று நாளாகிறது. ஜூன் 17 சனிக்கிழமை, தையல்காரர்களுக்குச் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தபோது கையிலிருந்த நோட்டுக்கட்டு நழுவியிருக்கிறது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் போய்விட்டது.

காலையில் கம்பெனி மேசை டிராயரைக் கொண்டுவந்து முன்னறையில் கொட்டினேன். ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் என்று 12 மெஷினுக்கு வாங்கிய வங்கிக் கடன். தனியாரிடம் பர்சனல் லோன் ஒன்று. கிரெடிட் கார்டு. என் ஆறரைப் பவுனை வைத்த நகைக்கடன் சீட்டு. போன வருஷமே எடுத்துவிட்ட ஏலச்சீட்டு, அதற்கு இன்னும் ஒன்பது தவணை. பைனான்ஸ்காரருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த இரண்டு செக்குகளின் நம்பர் ஒரு துண்டுச் சீட்டில். பிறகு இவருடைய நோட்டு. அதில் பெயர்களே இல்லை, முதலெழுத்துத்தான். ‘செ. 15’, ‘ரா. 2 வெள்ளி’.

கூட்டினால் பதினோரு லட்சத்து நாற்பதாயிரம். இவருக்குக் கேட்கக் கூடாதென்று அறைக்கதவைச் சாத்திவிட்டுக் கூட்டினேன்.

ஜூலை 14, வெள்ளி

தெரிந்தவர் ஒருவர் வக்கீலிடம் கூட்டிப் போனார். “எதுக்கெல்லாம் நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க, எதுக்குப் போடலை? அதை முதல்ல பிரிங்கம்மா” என்றார். மெஷின் லோனுக்கு நான் ஜாமீன். பென்சிலால் குறி வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டது நினைவிருக்கிறது, அது என்ன காகிதம் என்று கேட்டது நினைவில் இல்லை. பர்சனல் லோனிலும் கார்டிலும் என் கையெழுத்து இல்லை. மனைவி என்பதால் மட்டும் அந்தக் கடன் என் தலையில் ஏறாது என்றார் வக்கீல். கடன் அழிந்துவிடாது, இவர் பேரிலும் இவர் சொத்தின் பேரிலும் நிற்கும்.

இதைத் தெரிந்துகொண்டு வந்த அன்றே ராத்திரி ஒன்பதரைக்குப் போன். “சம்சாரம் தானே, நீங்கதான் கட்டோணும்.” வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட்டில் உத்தரவு போட்டிருக்கிறது. அதைச் சொன்னேன். உங்களை அனுப்பிய நிறுவனத்தின் கடிதத்தைக் காட்டுங்கள் என்றும் கேட்டேன். எதிர்ப்பக்கக் குரல் தணிந்தது. தேதியும் மணியும் குறித்துக்கொண்டேன்.

பைனான்ஸ்காரரை நானே போய்ப் பார்த்தேன். செக் திரும்பி நோட்டீஸ் வந்தால், அதன் பிறகு பணம் கட்டப் பதினைந்தே நாள். ஆடி முடியும் வரை செக்கைப் போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

ஜூலை 22, சனி

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

மதியம் ஒருவர் வந்தார். இவருக்கு எண்பதாயிரம் கைமாத்தாகக் கொடுத்தாராம். காகிதம் எதுவும் இல்லை. வீட்டு வாசலில் நின்று ஒரு மனிதர் பணம் கேட்கும்போது உடம்பு கூசுகிறது. “கொஞ்சங் கொஞ்சமாக் கொடுத்தர்றேனுங்க” என்று என் வாயில் வந்தேவிட்டது. உள்ளே கட்டில் சட்டத்தில் டக் டக்கென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், இவர் இடது கையால் அடித்துக்கொண்டிருக்கிறார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் போன வாரம்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். பேச்சு போனால் புரிதலும் போய்விட்டதென்று நினைக்காதீங்க அக்கா. சின்ன வாக்கியமாகக் கேளுங்க, பதிலுக்குக் காத்திருங்க. தலையாட்டுவது சில நேரம் மாறிப் போகும், அதனால் ஒரே கேள்வியை நேராகவும் திருப்பியும் கேளுங்க.

வந்தவரையும் உள்ளே அழைத்தேன். “ஏனுங்க, இவர்கிட்டப் பணம் வாங்குனீங்களா?” இல்லையென்று தலை அசைந்தது. பொறுத்திருந்து, “இவருக்கு நாம ஒண்ணுந் தர வேண்டியதில்லைங்களா?” ஆமாம். நோட்டைப் பிரித்துக் காட்டினேன். பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, இல்லை.

“இப்பிடிக் கெடக்கறவர் தலையாட்டறதையெல்லாம் கணக்குல எடுக்க முடியுங்களா?” என்று கேட்டுவிட்டு அவர் போனார். எனக்குக் கோபம் வந்தது. ராத்திரிதான் உறைத்தது. பதிமூன்று நாளாக நான் செய்ததும் அதைத்தானே? அவர் கடனை, அவர் மூச்சு விடும் வீட்டிலேயே, கதவைச் சாத்திவிட்டுக் கூட்டியவள் நான்.

பட்டியலை எடுத்துப் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியாக, மூன்று மணி நேரம். நடுவில் இருமுறை அழுதார், ஒருமுறை நான். ‘செ. 15’ வந்ததும் துணியைத் தூக்கிப் பார்ப்பதுபோல் ஜாடை காட்டினார். செக்கிங் அக்கா! போன தீபாவளி போனசுக்குப் பணம் குறைந்தபோது, சீட்டு எடுத்து வைத்திருந்த பதினைந்தாயிரத்தைக் கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு இருமுறை வந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“முதல்ல இதுங்களா?” என்றேன். நான் முடிப்பதற்குள் தலை அசைந்தது. திருப்பிக் கேட்கவில்லை. வங்கி காத்திருக்கட்டும்.

ஆகஸ்ட் 3, வியாழன், ஆடிப்பெருக்கு

நகைக்கடன் வருஷக் கெடு முடியப் போகிறது. ஜாப் வொர்க் பணம் 62,000 இவர் கணக்கில் ஏறியிருக்கிறது, எடுக்க முடியவில்லை. கணக்கு இவர் பேரில் மட்டும். எத்தனையோ முறை சொன்னார், என்னையும் சேர்க்கலாமென்று. நான்தான் அடுத்த மாசம், அடுத்த மாசமென்று தள்ளினேன்.

கவுன்டரில் “ஆள் நேர்ல வரணும்” என்றார்கள். மேனேஜர் அறைக்குப் போய்ச் சொன்னேன். வங்கிக்கு வர முடியாத நோயாளியிடம் கைவிரல் ரேகை வாங்கலாம், அதுவும் முடியாவிட்டால் கால் விரல் ரேகை. இரண்டு சாட்சிகள் அடையாளம் சொல்ல வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரி. ரிசர்வ் வங்கியின் விதியே அப்படித்தான் என்று அவரே எடுத்துப் படித்தார். சாயங்காலம் ஓர் அதிகாரியை வீட்டுக்கு அனுப்பினார்.

ஆண்களுக்கு இடது கைப் பெருவிரல் வைப்பதுதான் வழக்கம். அந்தக் கை நன்றாக இருக்கிறது. மை தடவியதும் தானாகவே விரலை அழுத்தினார். வட்டியைக் கட்டி நகையைத் திருப்பி வைத்தாயிற்று.

ஆகஸ்ட் 25, வெள்ளி

பவர் பத்திரம் எழுத இன்று சார்பதிவாளர் வீட்டுக்கே வந்தார். நடமாட முடியாதவர்களுக்கு அப்படி வரச் சட்டத்தில் இடமிருக்கிறது. கொடுப்பவருக்குப் புரிதல் இருந்தால்தான் பவர் செல்லும், அது போனால் பவரும் போகும்; 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறதாம். நினைவே இல்லாமல் கிடந்தால் கோர்ட்டுக்குப் போய்த்தான் பாதுகாவலராக வேண்டும். 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் அதற்கு வழிமுறைகள் வகுத்ததாக வக்கீல் சொன்னார். இவருக்குப் புரிகிறதென்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

“நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா” என்றார் சார்பதிவாளர் அம்மா. சமையலறையில் போய் நின்றேன். கேள்விகள் காதில் விழுந்தன. “யாருக்குக் கொடுக்கறீங்கன்னு தெரியுதுங்களா?” சத்தமில்லை. “உங்க மனைவி உங்க பேர்ல கடன் கட்டலாம், மெஷினை விக்கலாம், சரிங்களா?” சத்தமில்லை. “யாராவது மிரட்டுனாங்களா?” அப்போதும் சத்தமில்லை. முப்பத்தொரு வருஷத்தில் இவர் பதிலுக்காக இவ்வளவு கூர்ந்து காத்திருந்ததில்லை. கூப்பிட்டார்கள். போனபோது பெருவிரலில் மை இருந்தது.

செப்டம்பர் 6, புதன்

நான்கு மெஷின்களை விற்றுக் கடனைக் குறைக்க வங்கி சம்மதித்தது. எந்த நான்கு என்று படம் காட்டிக் கேட்டேன். முதன்முதலில் வாங்கிய பழைய சிங்கரைத் தள்ளிவிட்டார். அது நிற்கட்டும்.

பதினோரு மணிக்குப் பர்சனல் லோன்காரர்களின் போன். “அவர்கிட்டப் பேசணும்.” இத்தனை நாளும், அவரால் பேச முடியாது, என்னிடம் சொல்லுங்கள் என்றுதான் சொல்லி வந்தேன். இன்று ஸ்பீக்கரைப் போட்டுத் தலையணை மேல் வைத்தேன்.

“கேட்டுக்கிட்டு இருக்கறாருங்க. மெதுவாச் சொல்லுங்க.”